அவளுக்கு மட்டும் மூடிய கதவு

"வழக்கோட சம்பந்தமில்லாத ஆக்கள் எல்லாரும் வெளியில போங்கோ" என்று நீதிமன்றக் காவலர் சொன்னார். பின்வரிசை வாங்குகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். நானும் அம்மாவும் எழுந்தோம். அடுத்து எடுக்கவேண்டியது என்னுடைய வழக்கு. ஏன் எழுப்புகிறார்கள் என்று அம்மா கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

வெளி விறாந்தைக்கு நாங்கள் வந்த பிறகு கதவைச் சாத்தினார்கள். ஒரு யன்னல் மட்டும் மூடப்படாமல் இருந்தது. அதை மூட ஆள் வருவதற்கிடையில், நீதிபதியின் அறைப் பக்கக் கதவால் ஒரு பெண் பொலிஸ் வேறொருத்தியைக் கூட்டிவருவதைக் கண்டேன். மெலிந்த பெண். நீல நிறச் சல்வார், தலையைச் சுற்றிப் போர்த்திய சால்வை. முகம் பாதிதான் தெரிந்தது. பிறகு யன்னலும் மூடப்பட்டது.

எனக்காக இலவசச் சட்ட உதவியில் வந்த சட்டத்தரணி விறாந்தையில் நின்றாள். என்னைவிட வயது குறைந்த பிள்ளை. யார் அது என்று கேட்டேன்.

"அந்தப் பளைக் கேஸ் அக்கா. இண்டைக்கு அவா சாட்சி சொல்லுறா."

"என்ன பேர்?"

"பேர் சொல்லக்கூடாது" என்றாள், மழை வரும்போலிருக்கு என்று சொல்வதைப் போல.

அந்த வழக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அப்படி ஒன்று எந்தப் பெண்ணுக்கும் நடக்கக்கூடாது. அதைத் தெரிந்துகொண்டே அந்த மூடிய கதவைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் இதை எழுதும்போது அந்த எரிச்சலின் சூடு ஞாபகத்தில் இருக்கிறது. பாவம் என்றுதான் முதலில் நினைத்திருக்க வேண்டும். அவளுக்குக் கதவைச் சாத்துகிறார்கள், எனக்கு ஏன் சாத்தவில்லை என்பதுதான் எனக்கு வந்த முதல் எண்ணம்.

எனக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். நான் ஸ்கந்தபுரத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். அப்பாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றக் காணி எடுத்தவர்கள். எங்களுக்கு வயல் உண்டு. எங்கள் ஒழுங்கையிலிருந்து அதிகம் தள்ளாத ஒரு வீட்டுக்காரன் என்னைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். அப்பா விருப்பமில்லை என்று சொன்னார். நானும் அதைத்தான் சொன்னேன். அவனோடு நான் அதற்கு முன் கதைத்தது கடையில் சில்லறை மாற்றும்போது மட்டும்தான்.

ஒரு பின்னேரம் முன்பள்ளி முடிந்து, பிள்ளைகளின் கதிரைகளை அடுக்கிவிட்டுச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். வாய்க்கால் கரையில் அவன் நின்றான். கையில் கத்தி இருந்ததை, அது என்மேல் பட்ட பிறகுதான் கண்டேன். காதடியிலிருந்து தாடை வரை ஒரு வெட்டு, தடுத்த கையில் இன்னொன்று. நான் வாய்க்காலுக்குள் விழுந்தேன். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் நெல்மூட்டை ஏற்றிவந்த ஒருவர் சத்தம் கேட்டு ஓடிவந்தார். மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கம் கூலிக்கு விதைக்கிற குடும்பத்துக்காரர். மூட்டைகளை வாய்க்கால் கரையிலேயே இறக்கிப் போட்டுவிட்டு என்னை ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். அவர் இல்லையென்றால் நான் இல்லை.

அடுத்த நாள் பத்திரிகையில் வந்தது. என் முழுப்பெயர், அப்பாவின் பெயர், ஊர், நான் படிப்பிக்கிற முன்பள்ளி, எல்லாம் வந்தது. "காதல் விவகாரம்" என்று தலைப்பு. இணையத்தளம் ஒன்றில் என் படமும் வந்தது. மச்சாளின் கலியாணத்தில் எடுத்த படம், அவள் முகநூலில் போட்டிருந்தது. அதிலிருந்து மற்றவர்களை வெட்டிவிட்டு என்னை மட்டும் எடுத்திருந்தார்கள். பூவும் நகையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அதற்குக் கீழே என்னை வெட்டிய செய்தி.

என் பெயரை அவர்களுக்குக் கொடுத்தது அம்மாதான். வைத்தியசாலையில் என் கட்டிலருகே ஒருவன் வந்து மிகவும் ஆறுதலாகக் கதைத்திருக்கிறான். "சும்மா அறிஞ்சு வைக்கத்தான் அம்மா, பிள்ளையின்ர பேரென்ன?" என்று கேட்டிருக்கிறான். அம்மா அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். யாரோ உதவி செய்கிற ஆள் என்று நினைத்தாராம்.

என்னை வெட்டியவனைப் பற்றி அதே செய்தியில் "அதே பகுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர்" என்று மட்டும்தான் இருந்தது. அவன் சந்தேகநபர், அதனால் பெயர் போடவில்லை என்றார்கள். கத்தியோடு நின்றவனுக்கு மறைப்பு, இரத்தத்தோடு கிடந்தவளுக்கு முழு விலாசம். முகத்தில் தையலோடு படுத்திருந்த நாட்களில் அவன்மேல் எனக்குப் பயம் இருந்தது, கோபம் இருந்தது. அவற்றோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொறாமையும் இருந்தது.

என்னைக் காப்பாற்றியவரின் பெயரும் அந்தச் செய்தியில் வந்தது, ஆனால் பிழையாக. வேறு யாருடையவோ பெயர். என்னைப் பார்க்க வாழைப்பழத்தோடு வந்தபோது அவர் அதைச் சொல்லிச் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு தங்கச்சி. அவன் ஆளுங்க தேடி வந்தாலும் அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைன்னுடலாம்."

நானும் சிரித்தேன். தையல் இழுத்தது. அவர் போன பிறகு, அந்த எழுத்துப்பிழை எனக்கு வந்திருக்கக்கூடாதா என்று படுத்திருந்து யோசித்தேன்.

காயம் ஆறி நான் முன்பள்ளிக்குத் திரும்பியபோது பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தழும்பு ஒரு புதினம், ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் ஒருநாள் ஒரு பெண்பிள்ளை என் மடியில் சாய்ந்துகொண்டு, "ரீச்சர், உங்களுக்கு லவ்வோ?" என்று கேட்டாள். எங்கே கேட்டாய் என்றேன். "அம்மாவின்ர போனில படம் இருக்கு. நீங்கள் வடிவாச் சாறி கட்டிக்கொண்டு நிக்கிறீங்கள்."

அதற்குப் பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்தில் யாரும் என்னைக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. மிகவும் அன்பாகத்தான் கதைத்தார்கள். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கோ ரீச்சர், வழக்கு முடியட்டும், பிள்ளைகள் கண்டதையும் கேட்குதுகள் என்றார்கள். அந்த "கொஞ்ச நாள்" எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் இடத்துக்கு வேறொரு பிள்ளை வந்தாள்.

மாதர் சங்கத்துப் பெண்கள் எனக்காக ஊர்வலம் போனார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். கிளிநொச்சி நகரத்தில் ஏ ஒன்பது வீதியோரம் என் பெயரை மட்டைகளில் எழுதிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நீதி வேண்டும் என்ற சொற்களுக்கு மேலே என் பெயர். அவர்கள்மேல் எனக்கு நன்றி உண்டு. ஆனால் அந்த மட்டைகளின் படங்களும் இணையத்தில் ஏறின. இப்போது என் பெயரைத் தட்டினால் இரண்டு விதமாக வரும்: கலியாண வீட்டில் சிரிக்கிற நான், மட்டையில் எழுதப்பட்ட நான்.

நான் சாட்சி சொன்ன நாளில் நீதிமன்றம் நிறைந்திருந்தது. வேறு வழக்குகளுக்கு வந்தவர்கள், எங்கள் ஊர்க்காரர், அவனுடைய ஆட்கள். என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். ஊரைக் கேட்டார்கள், தகப்பன் பெயரைக் கேட்டார்கள், வீட்டுக்குப் போகிற ஒழுங்கையைக் கூடக் கேட்டார்கள். அவனுடைய சட்டத்தரணி என் கைபேசி இலக்கத்தை எல்லாருக்கும் கேட்க வாசித்துவிட்டு, இந்த இலக்கத்துக்கு எதிரி எத்தனை முறை அழைத்தான் என்று கேட்டார். ஒரு முறையும் அழைக்கவில்லை என்றேன். பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். அடுத்த கிழமை தெரியாத இலக்கங்களிலிருந்து அழைப்புகள் வந்தன. சிம்மை மாற்றினேன்.

அதனால்தான் அன்று அந்த மூடிய கதவுக்கு முன்னால் நின்றபோது, எனக்கு உள்ளே இருந்தவளின் துன்பம் கண்ணில் படவில்லை. கதவு மட்டும்தான் தெரிந்தது.

"எனக்கு ஏன் இப்பிடிச் செய்யேல்ல?" என்று சட்டத்தரணியிடம் கேட்டேன்.

அவள் கொஞ்சம் தடுமாறினாள். "அது வேற வகைக் குற்றம் அக்கா. அந்த வகைக்குப் பேரையோ ஆளை அடையாளம் காட்டுற எதையுமோ வெளியில போடக்கூடாதெண்டு சட்டத்தில நேராவே இருக்கு. வெட்டுக் காயத்துக்கு அப்பிடி இல்ல."

"அப்ப எனக்கு நடந்தது போதாதோ?"

கேட்டவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். சட்டத்தரணி என் தோளில் கையை வைத்தாள். அப்படி ஒரு கேள்வி என் வாயில் வந்ததே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி போகவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டபோதும் அது கூடவே இருந்தது.

அடுத்த வழக்குத் தவணை நாளில் அவளை நான் பஸ் நிலையத்தில் கண்டேன். எங்கள் பக்கம் போகிற பஸ் வரச் சுணங்கும். நான் வாங்கில் இருந்தேன், அன்று அம்மா வரவில்லை. அந்த நீலச் சல்வாரைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். பளை வழியாக யாழ்ப்பாணம் போகிற பஸ் ஒன்று வந்தது, அவள் ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதையும் விட்டாள்.

"நீங்கள் ஸ்கந்தபுரம் ரீச்சர்தானே?" என்று கேட்டுவிட்டு என் பெயரையும் சொன்னாள், முழுப்பெயரை, பத்திரிகையில் வந்தபடியே. "உங்கட கைக்காயம் ஆறிட்டுதோ? கையிலயும் வெட்டெண்டு போட்டிருந்தவங்கள்."

அவளுக்கு என் பெயர் தெரியும். அப்பாவின் பெயர் தெரியும். என் கையில் எங்கே வெட்டு என்று தெரியும். கலியாண வீட்டில் நான் என்ன நிறச் சேலை கட்டியிருந்தேன் என்பதும் தெரிந்திருக்கும். எனக்கு அவளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பளை என்ற ஊர்ப்பெயர் ஒன்றுதான்.

"உங்கட பேர்?" என்று கேட்டேன். வேண்டுமென்றுதான் கேட்டேன்.

அவள் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தாள். "சொல்ல ஏலாது அக்கா. குறை நினையாதேங்கோ."

"எனக்கும் சொல்ல ஏலாதோ?"

"நடந்ததை ஒருத்தருக்கும் சொல்லேல்ல. அம்மாவுக்கும் எனக்கும் பொலிசுக்கும்தான் தெரியும். தம்பிக்குக் கூடச் சொல்லேல்ல."

அடுத்த பஸ்ஸில் அவள் ஏறிப் போனாள். நான் நல்லது என்றுகூடச் சொல்லவில்லை. வீட்டில் அம்மாவிடம், "நல்ல கெட்டிக்காரி, தன்ர பேரைப் பவுண் மாதிரிப் பொத்தி வச்சிருக்கிறாள்" என்றேன். அம்மா, "அவள் என்ன செய்தவள் உனக்கு?" என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லைதான்.

அதற்கடுத்த தவணையில், நீதிமன்ற வாசலில் கட்டையான, கன்னத்தில் மச்சமுள்ள ஒருவன் என்னோடு கதைக்க வந்தான். கையில் கைபேசியும், அதில் செருகிய மைக்கும். அந்த இணையத்தளத்தை நடத்துகிறவன் தான்தான் என்று அவனே சொன்னான். வெட்கமில்லாமல், ஏதோ என் சொந்தக்காரனைப் போல.

"உங்கட செய்தியில ஒரு பிழை நடந்திட்டுது அக்கா, அந்தக் காதல் எண்ட கதை. அதை எடுத்துவிடுறன். படத்தையும் எடுக்கலாம், எனக்குப் பெரிய வேலை இல்ல." பிறகு குரலைத் தணித்தான். "ஒரு சின்ன உதவி. பளைப் பிள்ளையோட பஸ் ஸ்ராண்டில கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள். நான் கண்டனான். ஆர் ஆளெண்டு சொல்லுங்கோ, போதும்."

"ஏன்?"

"போடமாட்டன் அக்கா, சட்டம் தெரியும் எனக்கு. சும்மா அறிஞ்சு வைக்கத்தான்."

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையும் அதுதான். "அடுத்த முறை கேட்டுப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அன்று பஸ்ஸில் யன்னலோரம் இருந்து அக்கராயன் பக்கத்து வயல்களைப் பார்த்தபடி நான் யோசித்ததை மறைக்க விரும்பவில்லை. என் பெயரைத் தட்டினால் ஒன்றுமே வராத ஒரு கைபேசியை யோசித்தேன். முன்பள்ளிக்குத் திரும்பிப் போவதை யோசித்தேன். அவள் பெயர் தெரிந்தால் என் படம் போகும். அவளுக்கு என்ன குறைந்துவிடும், நான் இரண்டு வருடமாகச் சுமப்பதை அவளும் கொஞ்சம் சுமந்து பார்க்கட்டுமே என்றும் நினைத்தேன். பெயரைத்தானே கேட்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் இறங்கி நடக்கும்போதுதான், "சும்மா அறிஞ்சு வைக்க" என்ற சொல் உறைத்தது. அம்மாவிடம் போய், வைத்தியசாலைக்கு வந்தவன் எப்படி இருந்தான் என்று கேட்டேன். கட்டை ஆள், கன்னத்தில் மச்சம், கையில் கறுப்பாக என்னவோ ஒன்று வைத்திருந்தான் என்றார். அதே ஆள்தான். என் அம்மாவின் கண்ணீருக்குள் கையைவிட்டு என் பெயரை எடுத்தவன், இப்போது என் எரிச்சலுக்குள் கையைவிட்டு இன்னொருத்தியின் பெயரை எடுக்கப் பார்க்கிறான்.

எனக்கு வந்தது அவள்மேல் இரக்கம் என்று சொன்னால் பொய். அவன்மேல் வந்த ஆத்திரம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. இன்னொருமுறை எங்கள் வீட்டு ஆள் வாயால் அவனுக்கு ஒன்றும் கிடைக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

அடுத்த தவணைக்கு வேளைக்கே போய் பஸ் நிலையத்தில் அவளுக்காகக் காத்திருந்தேன். அவள் இறங்கியதும் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஒருத்தன் உங்களை விசாரிக்கிறான். என்னோட இருந்ததைக் கண்டிட்டான். இந்தச் சல்வாரோட இனி வராதேங்கோ. பொலிஸ் அக்காவிட்டச் சொல்லி வேற வழியால கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ."

அவள் முகம் வெளிறிப்போனது. "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

"என்னத்தைச் சொல்லுறது? உங்கட பேர் எனக்குத் தெரியாதே."

என் குரலில் இருந்தது அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். தேநீர் குடிப்போம் என்று அவள்தான் கூப்பிட்டாள். கடையின் மூலை மேசையில் இருந்தோம். அவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள், ஆட்கள் அவள் முதுகைத்தான் பார்த்தார்கள்.

தான் பளையில் ஒரு தும்பு ஆலையில் வேலை செய்வதாகச் சொன்னாள். தேங்காய் மட்டை அடித்துத் தும்பு எடுக்கிற இடம். பெண்கள் வரிசையாக இருந்து வேலை செய்வார்கள், வாய் ஓயாது.

"பளைப் பெண் ஒராள் எண்டு பேப்பரில வந்த நாளில இருந்து எல்லாருக்கும் அதுதான் கதை. ஆர் அது, ஆற்ற மகள், என்ன உடுப்புப் போட்டவள், ஏன் அந்த வழியால போனவள் எண்டு. நான் அவையளோட இருந்து கேட்டுக்கொண்டிருப்பன். ஒரு மாமி சொல்லுறா, அப்பிடியானவள் செத்திருக்கலாமெண்டு. எல்லாரும் ஓமெண்டு தலையாட்டினவை. நான் மட்டும் ஆட்டாமல் இருந்தா என்னைச் சந்தேகமாப் பாப்பினமே. நானும் ஆட்டினனான்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் குடிக்கவில்லை.

"பேந்து, பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை ஒண்டைச் சந்தேகப்பட்டுக் கதைக்கத் தொடங்கிச்சினம். அந்தப் பிள்ளை கொஞ்ச நாள் சுகமில்லாமக் கிடந்ததாம், அதுக்காக. அது நான் இல்லையெண்டு அவள் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது? அது நான்தானெண்டு நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது? தவணைக்கு வாற நாளில கண் கிளினிக்குக்குப் போறனெண்டு சொல்லிப்போட்டு வாறன். கண்ணுக்கு என்ன வருத்தமெண்டு கேக்கினம்."

நான் தேநீரை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

"உங்களுக்காக ஊர்வலம் போன அண்டைக்கு நான் ரவுணுக்கு வந்தனான் அக்கா. றோட்டுக்கரையில நிண்டு பாத்தனான். உங்கட பேரை எழுதிப் பிடிச்சுக்கொண்டு எவ்வளவு சனம். பாத்து எரிச்சல் பட்டனான். எனக்கெண்டு ஒரு ஆள் வரேல்லயே எண்டு. உங்களில பொறாமையாக் கிடந்தது."

கதையில் வருகிறதைப்போல அந்த இடத்தில் என் மனம் இளகிவிட்டது என்று எழுதலாம். இளகவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாம் மறைத்து வைத்திருக்கிறவள், கடைசியில் பொறாமைப்படுகிற உரிமையையும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறாளே என்று. அப்படிப் பெயர் ஊரெல்லாம் தெரிந்ததால்தான் என் வேலை போனது என்று அவளுக்குச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

"எனக்கு விளங்குது. ஆனா உங்களைப் பாக்க வாழைப்பழத்தோட ஆக்கள் வந்திருப்பினம்" என்றாள்.

வந்தார்கள்தான். கட்டிலருகே இடம் போதாத அளவுக்கு வந்தார்கள். அவளைப் பார்க்க அவளுடைய தாயைத் தவிர யாரும் வந்திருக்க வழியில்லை. அது எனக்கு அந்தக் கடையில் விளங்கியது. விளங்கியும் பொறாமை குறையவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து இருந்துகொண்டது. தேநீர்க் காசை நான் கொடுத்தேன், அவள் தடுக்கவில்லை.

அன்று நீதிமன்றத்தில் என் சட்டத்தரணியைக் கண்டதும், எனக்கும் அந்தக் கதவு வேண்டும் என்று நேரடியாகவே கேட்டேன்.

"நடந்து முடிஞ்ச சாட்சியத்துக்குக் கதவு சாத்த ஏலாது அக்கா. ஆனா தீர்ப்பு இன்னும் எழுதேல்லத்தானே. பாதிக்கப்பட்டவையையும் சாட்சியளையும் பாதுகாக்கிறதுக்கெண்டு ஒரு சட்டம் இருக்கு. அதில தனிப்பட்ட வாழ்க்கையைக் காக்கிற உரிமையும் இருக்கு. அதைப் பிடிச்சுக் கேட்டுப் பாப்பம். நீதிபதி ஓமெண்டுவார் எண்டு நான் சொல்லமாட்டன்."

அவள் கேட்டாள். அவனுடைய சட்டத்தரணி எழுந்து, பெயர்தான் ஏற்கனவே ஊரெல்லாம் தெரியுமே, இனி மறைத்து என்ன பயன் என்றார். அதைக் கேட்டபோது எனக்கும் அது சரிபோலத்தான் பட்டது. என் சட்டத்தரணி சொன்ன பதில் சின்னது: "ஒருக்காக் காயம் பட்ட இடமெண்டதுக்காக அதிலயே திருப்பியும் காயப்படுத்தலாம் எண்டில்லை, ஐயா." வழக்கமாக நீதிமன்றத்தில் எழுத்துத் தமிழில் கதைப்பவள், அன்று அவசரத்தில் வீட்டுத் தமிழில் சொல்லிவிட்டாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

தீர்ப்பு நாளில் அவர் வாசிக்கத் தொடங்கிய முதல் வரியிலேயே என் பெயர் வந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் அந்த இடத்தில் நிறுத்தினார். தாளைப் பார்த்தார், என் பக்கம் பார்த்தார். "முதலாம் சாட்சி" என்று திருத்தி வாசித்தார். அதற்குப் பிறகு முடிவு வரைக்கும் நான் முதலாம் சாட்சிதான். அவனுக்கு மறியல் தண்டனை தீர்த்தார்கள். தீர்ப்பின் பிரதியை வெளியாட்கள் யார் கேட்டு எடுத்தாலும் அதில் என் பெயரும் ஊரும் முன்பள்ளியும் இருக்கக்கூடாது என்றும் கட்டளை போட்டார். எங்களுக்கு இடையில் காதல் என்று ஒன்று இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை என்று அதே தீர்ப்பில் எழுதியிருந்தார். அந்த வரியை மட்டும் என் பெயரோடு வெளியில் விடலாம் என்று எனக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

சட்டத்தரணி பத்திரிகைக்கும் இணையத்தளத்துக்கும் கட்டளையோடு எழுதினாள். பத்திரிகை தன் இணையப் பக்கத்திலிருந்து செய்தியை எடுத்தது. இணையத்தளக்காரன் பல மாதம் இழுத்தடித்துவிட்டுப் படத்தை மட்டும் எடுத்தான். தலைப்பு இன்றைக்கும் கிடக்கிறது. மட்டைகளின் படங்களை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தவர்கள் எனக்குத் தெரிந்த பெண்கள்.

என்னுடையது முடிந்த பிறகும் அவளுடைய வழக்கு கொஞ்சக்காலம் நடந்தது. ஏதோ ஒரு வேலையாக நான் நகரத்துக்குப் போன நாளொன்றில் பஸ் நிலையத்தில் கண்டேன். வேறு நிறச் சல்வார். அவள் வழக்கிலும் தண்டனை கிடைத்துவிட்டதாகச் சொன்னாள். வவுனியாவில் தையல் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, தாயையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. பெயரைச் சொன்னால் அது வெறும் பெயராக இருக்கும்.

"நல்லது" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குள் பழைய எரிச்சல் எழுந்தது. ஒரு சூட்கேசில் வாழ்க்கையை வைத்து எடுத்துக்கொண்டு போகிறாளே என்று. அவள் பைக்குள்ளிருந்து உரித்த தேங்காய்கள் கொஞ்சம் எடுத்துத் தந்தாள். "அம்மாவிட்டக் குடுங்கோ. பளைத் தேங்காய், நல்ல பால் வரும்."

அம்மா தேங்காயைக் குசினியில் வைத்துவிட்டு, யார் தந்தது என்று கேட்டார். நீதிமன்றத்தில் பழக்கமான பிள்ளை என்றேன்.

"என்ன பேர்?"

"தெரியாதம்மா."

இவ்வளவு நாளும் பழகிப்போட்டுப் பெயர் தெரியாதோ என்று அம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் தேங்காய் துருவ உட்கார்ந்தார்.

இப்போது நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். தூரத்து உறவுக்காரர் வீட்டில் ஒரு அறை எடுத்திருக்கிறேன். நேர்முகத்தேர்வில் என்னைப் பற்றிய எல்லாவற்றையும் நானே சொன்னேன், யாரும் கைபேசியில் தேடுவதற்கு முன்னால். பொறுப்பானவர் கேட்டுவிட்டு, எப்போது வருவீர்கள் என்றார்.

பத்திரிகையில் "பெயர் வெளியிடப்படவில்லை" என்ற வரியைக் கண்டால் இன்னமும் எனக்கு முதலில் வருவது பொறாமைதான். இரக்கம் அதற்குப் பின்னால், கொஞ்சம் பிந்தித்தான் வரும். இரண்டும் வரும்வரை பத்திரிகையை மடிக்காமல் வைத்திருக்கப் பழகியிருக்கிறேன்.

போன கிழமை பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய் என் தாடையைப் பார்த்துவிட்டு, "அது என்ன ரீச்சர், விழுந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்ல. ஒருத்தன் வெட்டினவன்."

"ஐயோ. ஆர்?"

"எங்கட ஊரில ஒருத்தன். மறியலில இருக்கிறான்."

அவள் கை பைக்குள் இருந்த கைபேசிக்குப் போகிறதா என்று நான் பார்த்தேன். போகவில்லை. பிள்ளையின் செருப்பைத் திருத்திப் போட்டுவிட்டு, "எங்கட பக்கம் திருப்பியும் ஆனை வந்திட்டுது ரீச்சர், வாழை முழுக்கச் சரிச்சுப் போட்டுது. பின்னேரம் பிள்ளையளை அந்தக் காட்டு றோட்டால விடாதேங்கோ" என்றாள்.

சரி, பஸ் பாதையால் அனுப்புகிறேன் என்றேன். மற்றப் பெற்றோருக்கும் சொல்லிவிடச் சொன்னேன்.